ஆவுரோஞ்சிக் கல்லும் நாய்ச் சரணாலயமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் விலங்குப் பேணல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்களிலே, நிழல்மரமொன்றின் அயலில், மடம், கிணறு, கேணி, சுமைதாங்கி ஆகியவற்றோடு தனிக்கல் ஒன்றும் நாட்டப்பட்டிருத்தலை இன்றும் சிற்சில இடங்களிற் காணலாம். கரடுமுரடாகப் பொழியப்பட்ட அக்கல்லை மக்கள் ஆவுரோஞ்சிக் கல் என்பர். மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடு தன் உடலின் தினவு தீர உரோஞ்சுவதற்கென அமைக்கப்பட்டது அது. அருகே நீர் அருந்தத் தொட்டியும் இருக்கும். நூல்கள் கூறும் முப்பத்திரண்டு அறங்களுள் ஆவுரிஞ்சுதறி அமைத்தலும் விலங்கிற்கு உணவளித்தலும் இடம்பெறுகின்றன. எனவே அக்கல் ஒருவரின் தனிப்பட்ட இரக்கத்தால் மட்டும் எழுந்ததன்று. வரையறுக்கப்பட்ட ஓர் அறத்தின் கல்வடிவம் எனலாம். சுமைதாங்கியைக் கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக எழுப்பும் வழக்கமும் இருந்தது. இறந்தோர்க்குச் செய்யும் கடனை வழிப்போக்கர்க்கும் மாட்டுக்கும் பயன்படுமாறு செய்த சமூகம் இது.

ஆயின் அத்தெருவிலே மாட்டோடு கூட நாயும் திரிந்தது. அதற்கென்று கல்லோ தொட்டியோ எவரும் நாட்டிலர். இவ்வேறுபாடு தற்செயலானதன்று. மாடு உழவுக்கும் பாலுக்கும் எருவுக்கும் உரியது. குறிசுட்டு உடைமை காட்டப்பட்டது. பயிரை மேய்ந்தால் பட்டியில் அடைக்கப்பட்டு, உடையவன் தண்டம் கட்டி மீட்பது. கட்டாக்காலியாய் அலைந்தாலும் அதற்கு உடையவன் ஒருவன் உளன் என்பது குறியினால் விளங்கும். நாய்க்கோ குறியில்லை; அது வளவோடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வீட்டு நாய் பெரும்பாலும் வீட்டினுள் வளர்ந்ததன்று. படலையடியிற் படுத்து, மிஞ்சிய சோற்றை உண்டு, வேலிப் பொட்டினூடாக ஒழுங்கைக்குச் சென்று மீள்வது அதன் வாழ்வு. ஆதலின் வீட்டு நாய் எது, தெருநாய் எது எனக் கோடு கிழித்தல் அரிது. அந்த வேலிப் பொட்டு, பின்னர் ஆராயப்படும் பல சிக்கல்களின் வாயிலாகவும் அமைந்தது.

சமய வழக்கிலும் நாயின் நிலை இரட்டைத் தன்மை உடையது. வைரவ வழிபாடு குடாநாட்டிலே வேரூன்றியது. ஆலும் அரசும் நின்ற இடமெல்லாம் சூலம் நாட்டி வைரவர் எனக் கும்பிட்டனர். வைரவரின் வாகனம் நாய். வைரவருக்கு வடைமாலை சாத்தியவர் வீதியிற் கண்ட நாய்க்குக் கல்லெறிந்ததும் உண்டு. இதனை வெறும் போலித்தனம் என ஒதுக்கிவிடல் பொருந்தாது. வாகனம் என்ற நிலையில் வணங்கப்பட்டதேயன்றி, உயிர் என்ற நிலையில் நாயைப் பேணும் பொறுப்பு எவர் மீதும் சுமத்தப்படவில்லை என்பதே உண்மை.

கொல்லாமை பற்றிய சிந்தனை இந்நிலத்துக்குப் புதியதன்று. திருக்குறளிலே அதற்கெனத் தனி அதிகாரம் உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே அசோகனது இரண்டாம் பாறைச் சாசனம், மனிதர்க்கும் விலங்குகளுக்குமான இருவகை மருத்துவ ஏற்பாடுகள் சோழர், பாண்டியர் நாடுகளிலும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையிலும் செய்யப்பட்டதாகக் கூறுகின்றது. மகாவம்சம் எல்லாளனது நீதியைப் போற்றுமிடத்து, கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்ததையும் அரசன் தன் மகனையே தண்டித்ததையும் உரைக்கின்றது. ஆமண்டகாமணி என்னும் மன்னன் நாடெங்கணும் உயிர்க்கொலையைத் தடுத்து ஆணை பிறப்பித்தான் என்பதும் அந்நூற் செய்தி. இவற்றுள் அசோகனது சாசனமே ஈண்டு பெரிதும் நோக்கற்பாலது. ஏனையவை நீதியையும் தடையையும் பற்றிப் பேச, அது மருத்துவத்தையும் மூலிகை வருவித்து நடுதலையும் கிணறு தோண்டுதலையும் பற்றிப் பேசுகின்றது. கொல்லாதே என்பது ஓர் ஆணை. ஒருமுறை கூறினால் அமையும். பேணு என்பதோ நாள்தோறும் ஆளும் பொருளும் வேண்டும் தொழில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே கொல்லாமை மீண்டும் விவாதப் பொருளாயிற்று. 1872 இல் ஆறுமுக நாவலர் வெளியிட்ட 'யாழ்ப்பாணச் சமயநிலை' கோயில்களில் நிகழ்ந்த உயிர்ப்பலியைக் கடுமையாகக் கண்டித்தது. புலாலுண்ணாமை சைவ ஒழுக்கத்தின் அடையாளமாக வலியுறுத்தப்பட்டது. அவ்வியக்கம் பலிபீடத்தையும் அடுக்களையையும் நோக்கியது, தெருவை நோக்கவில்லை. கொல்லாமை என்பது ஒருவர் தாம் செய்யாது விடும் ஒன்றாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது.

தெருவை நோக்கியது ஆங்கில ஆட்சி. அதுவும் அச்சத்தோடு நோக்கியது. அச்சம் ஆதாரமற்றதன்று. விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் மனிதர் பிழைத்தல் அரிதினும் அரிது. 1885 இல் பாரிசு நகரிலே பஸ்தர் கடியுண்ட சிறுவன் ஒருவனுக்கு ஊசி மருந்தேற்றிக் காத்ததன் பின்னரே இந்நோயைத் தடுக்கும் வழி பிறந்தது. தென்னிந்தியாவிலே குன்னூரில் பஸ்தர் நிறுவனம் அமைந்தது 1907 இலேதான். நாய்க்குப் போடும் தடுப்பூசி பரவலாகக் கிட்டாத அந்நாளில் நாயைக் கொல்வதொன்றே வழி என அதிகாரிகள் கருதியதில் வியப்பில்லை. இலங்கையில் 1893 இல் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச்சட்டமும் 1901 இல் நாய்ப் பதிவுக் கட்டளைச்சட்டமும் பிறந்தன. உள்ளூராட்சி மன்றங்கள் நாய்களைப் பதிந்து கட்டணம் பெறவும், உரிமை கோரப்படாத நாய்களைப் பிடித்து அழிக்கவும் அதிகாரம் பெற்றன. மாட்டுக்குக் குறி இருந்ததுபோல் நாய்க்கும் ஓர் அடையாளம் வேண்டும் எனச் சட்டம் கேட்டது. வேலிப் பொட்டினூடாகப் போய்வந்த நாய்க்கு அவ்வடையாளம் வாய்த்தது அரிது. 1907 இல் வந்த மிருக வதைத் தடைக் கட்டளைச்சட்டம் கொடுமையைக் குற்றமாக்கியது. இவ்வாறு நாயை வதைத்தல் ஒரு சட்டத்தாற் குற்றமாகவும், அதனைப் பிடித்துக் கொல்லுதல் வேறு சட்டங்களாற் கடமையாகவும் அமைந்தன. இம்முரண்பாடு ஒரு நூற்றாண்டு நீடித்தது.

இதே முரண்பாடு இலங்கைக்கு முன்னரே பம்பாயில் வெடித்தது. 1832 யூன் மாதத்திலே அந்நகர நிருவாகம் தெருநாய்களைக் கொல்லப் பணித்து, கொன்றோர்க்குப் பணமும் வழங்கியது. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கொதித்தெழுந்தனர், பிறரும் துணைநின்றனர். கடைகள் மூடப்பட்டன, கோட்டையிலிருந்தோர்க்கு உணவுப் பொருள்கள் செல்வது தடைப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது. நாய்க்காக நிகழ்ந்த கலகம் என நகைப்போர் உளர். ஆனால் அதன் விளைவு நகைப்புக்குரியதன்று. 1834 இல் சேர் யம்செட்ஜி ஜீஜீபாயும் அமிசந்த் ஷா என்னும் வணிகரும் முன்னின்று பம்பாயிலே பிஞ்சராப்போல் எனப்பட்ட விலங்குக் காப்பகத்தை நிறுவினர். குசராத்திலே சமண வணிகர் நெடுங்காலமாக நடத்திவந்த காப்பகங்களே அதற்கு முன்மாதிரி. அதற்கான செலவு ஒருவரது கொடையோடு நின்றுவிடவில்லை. வணிகப் பொருள்கள் மீது விதித்துக்கொண்ட மகமையும் அதற்குச் சென்றது. நாள்தோறும் எழும் செலவுக்கு நாள்தோறும் வரும் வருவாய் வேண்டும் என்பதை வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர். பிற்காலத்துக் காப்பகங்கள் பல இதனை மறந்தே தளர்ந்தன.

மேலைநாடுகளிலும் ஏறக்குறைய இக்காலத்திலேதான் அடைக்கல நிலையங்கள் எழுந்தன. 1860 இல் இலண்டனில் மேரி டீல்பி என்னும் பெண்மணி கைவிடப்பட்ட நாய்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அது 1871 இல் பற்றர்சீ என்னும் பகுதிக்கு மாறியது. ஆனால் அங்குள்ள நிலையங்கள் பெரும்பாலும், குறித்த நாட்களுள் உரிமை கோரப்படாத விலங்கை வலியின்றிக் கொல்லும் இடங்களாகவே நெடுங்காலம் இயங்கின. அடைக்கலம் என்ற பெயரும் கொலைக்கூடம் என்ற செயலும் ஒன்றாயிருந்த அந்நிலைக்கு மறுப்பாகவே 'கொல்லாக் காப்பகம்' என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. 1994 இல் சான்பிரான்சிஸ்கோ நகரிலே, வளர்ப்பதற்குத் தகுதியான எந்த நாயையும் பூனையையும் கொல்வதில்லை என்ற உடன்பாடு ஏற்பட்டது. அங்கு நூற்றுக்குத் தொண்ணூறு விலங்குகளைக் காக்கும் நிலையத்தைக் கொல்லாக் காப்பகம் எனக் கொள்ளும் வழக்கம் பின்னர் நிலைத்தது. எஞ்சிய பத்து, மீளா நோயும் தாளா வலியும் உற்றவற்றுக்கு என ஒதுக்கப்பட்டது. சொல்லின் நேர்ப்பொருளுக்கும் நடைமுறைக்கும் இடையிலான இவ்விடைவெளி மறைக்கப்பட வேண்டியதன்று.

தமிழகத்து அனுபவம் யாழ்ப்பாணத்துக்கு இன்னும் நெருங்கியது. சென்னை நகரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தொடங்கிய நாய்க்கொலை, விடுதலைக்குப் பின்னரும் மாநகராட்சியால் நடத்தப்பட்டது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றனர். நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்டவை கொல்லப்பட்ட காலமும் இருந்தது. அவ்வளவு கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. விமானியான கப்டன் வி. சுந்தரம் 1959 இல் தொடக்கமிட்ட புளூ குறொஸ் அமைப்பு, கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்து தடுப்பூசியிட்டுப் பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1964 முதல் வற்புறுத்தியது. மாநகராட்சி அதனை ஏற்றது 1996 இல். மிக எளிய ஓர் உண்மையை ஏற்க 32 ஆண்டுகள் சென்றன.

அவ்வுண்மைதான் யாது? ஒரு தெருவின் நாய்த்தொகையை நிருணயிப்பது அங்கு கிடைக்கும் உணவும் ஒதுங்குமிடமுமே. சந்தைக் கழிவும் கடைவாசற் குப்பையும் இருக்குமட்டும், கொல்லப்பட்ட நாயின் இடத்தை அயற்றெரு நாய் நிரப்பும். பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாட்களிற் குட்டியீனும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறத்தல் இயல்பு. அக்குட்டிகளும் ஓராண்டு நிரம்புமுன் பருவமெய்தும். கொல்லும் கை இதனோடு போட்டியிட்டு வெல்லாது. அன்றியும், தடுப்பூசி பெற்ற நாயைக் கொன்றால் அதனிடத்துக்குத் தடுப்பூசி பெறாதது வரும். உலக சுகாதார நிறுவனத்தின் விசர்நோய் நிபுணர் குழு 1992 இல் வெளியிட்ட அறிக்கை, நாய்களை அகற்றுதல் அவற்றின் தொகையையோ நோய்ப்பரவலையோ குறிப்பிடத்தக்க அளவு குறைத்தமைக்குச் சான்றில்லை என முடிவுகட்டியது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசியிடுதலே நோய்ச்சங்கிலியை அறுக்கும் என்பது இன்று ஏற்கப்பட்ட அளவை.

இலங்கையின் கணக்கும் இதனையே காட்டுகின்றது. 1973 இல் இந்நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தனர். 1975 முதல் நாய்களுக்குத் தடுப்பூசியிடும் பணி பரவலாகத் தொடங்கியது. இறப்புகள் படிப்படியாக வீழ்ந்து, 2010களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு இருபதையொட்டி நின்றன. இக்காலத்தின் பெரும்பகுதியில் நாய்க்கொலையும் தொடர்ந்தது என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். எனினும் கொலை நெடுங்காலம் நடந்தும் குறையாதது, ஊசி வந்தபின் குறைந்தது. 2006 இல் அரசு நோய்த்தடுப்புக்காக நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கையை ஏற்றது. பழைய கட்டளைச்சட்டங்கள் நீக்கப்படாமலே இக்கொள்கை நடைமுறைக்கு வந்தது. கொல்லும் வண்டி நின்றது. அதனிடத்தில் யார் என்ன செய்வது என்பதற்கு உள்ளூராட்சி மன்றங்களிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இக்கேள்வி வேறோர் உருவில் வந்தது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகி மக்கள் வெளியேறினர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்தது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் ஓரிரவும் பகலுமாக மழையிலே, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தனர். கையிற் கொண்டுசெல்லக்கூடியதை மட்டுமே கொண்டு சென்றனர். மாட்டைக் கட்டையிலிருந்து அவிழ்த்துவிடுதலே அன்று செய்யக்கூடிய கருணை. நாய்க்கு அவிழ்க்கக் கயிறுமில்லை; அது படலை வரை வந்தது, சில தெருமுனை வரை வந்தன. 1996 இல் திரும்பியோர் தம் நாயைக் கண்டதும் உண்டு, எலும்பைக் கண்டதும் உண்டு. இடப்பெயர்வு பற்றிய எழுத்துகளில் மனிதரின் துயரே நிறைந்திருத்தல் இயல்பு. ஆயினும் அத்தலைமுறையினரிடம் அவ்விரவைப் பற்றிக் கேட்டால், கைவிட்டு வந்த விலங்கைச் சொல்லுமிடத்து அவர்தம் பேச்சுத் தடைப்படுவதைக் காணலாம். பின்னாளில் குடாநாட்டிலே விலங்குக் காப்பகம் ஒன்று தோன்றியமைக்குச் சமயக் கருணை மட்டும் காரணம் எனக் கொள்வோர் இதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

போர் 2009 இல் முடிந்தபின் கட்டாக்காலி நாய்களின் பெருக்கம் நகரிலும் ஊர்களிலும் முறைப்பாடாயிற்று. அப்பெருக்கத்தின் ஊற்று தெருவன்று, வீடு. யாழ்ப்பாணத்தார் கடுவன் குட்டியை விரும்பி வாங்குவர். பெட்டைக் குட்டியை வேண்டார். ஈன்ற நாயின் குட்டிகளுட் கடுவன்கள் கேட்டவர்க்குப் போக, பெட்டைகள் சாக்கிற் போடப்பட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விடப்படும். கோயில் வீதியைத் தெரிவதில் ஒரு சமாதானமும் உண்டு: கொல்லவில்லை, கடவுளின் வாசலில் விட்டோம் என்பது. உயிர்தப்பிய பெட்டை மறுவருடம் அவ்வீதியிலேயே ஈனும். நாய் பெருகிவிட்டது என மன்றத்துக்கு மனுவெழுதுவோருள் அக்குட்டியை விட்டவரும் இருத்தல் கூடும்.

இப்பின்னணியிலேதான் சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் நிறுவிய நாய்கள் சரணாலயத்தை நோக்குதல் வேண்டும். ஆறு திருமுருகன் தலைமையில் இயங்கும் அவ்வறக்கட்டளை, கோண்டாவிலிலே உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பாடசாலை முதலிய பணிகளால் முன்னரே அறியப்பட்டது. ஆதரவற்றோரைப் பேணும் நிறுவனம் ஒன்று அவ்வரிசையிலே நாயையும் சேர்த்தமை குறிப்பிடத்தக்கது. இடமும் பொருள் பொதிந்தது. இயக்கச்சி ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் உள்ளது. நிருவாகத்தில் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2000 ஏப்பிரலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்தபோது கடும்போர் நிகழ்ந்த மண் அது. மனிதரே வாழ அஞ்சிய நிலப்பரப்பின் ஒரு மூலை, கைவிடப்பட்ட நாய்களுக்கு உறைவிடமாயிற்று.

ஈண்டு, இத்தகைய காப்பகம் எவ்வாறு இயங்கவேண்டும் என்பதைச் சற்று விரிவாக ஆராய்தல் பொருந்தும். வெளியார் பலர் இதனைச் சோறிடும் மடம் என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அதன் முதல் வேலை பிரித்துவைத்தல். புதிதாக வரும் நாய் எந்நோயைச் சுமந்து வருகின்றது என்பது தெரியாது. ஆதலின் இரு வாரமளவிலாவது தனியே வைத்து நோக்கல் வேண்டும். பார்வோ எனப்படும் குடல்நோய்க் கிருமி மண்ணிலே பல மாதம் உயிர்த்திருக்கும். ஒரு குட்டி கொணரும் கிருமியால் கூட்டிலுள்ள குட்டிகள் எல்லாம் சில நாட்களில் மடிதல் கூடும். இரங்கி ஏற்ற ஒரு குட்டி முன்னிருந்த முப்பதைக் கொல்லுமாயின், கொல்லாக் காப்பகம் என்ற பெயர் அங்கே பொருளிழக்கும். அதன்பின் விசர்நோய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக்கும் சொறிக்கும் சிகிச்சை என ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டும். கடித்த நாயாயின் பத்து நாள் கண்காணிப்பு இன்றியமையாதது. பராமரிப்பாளரும் முன்கூட்டியே ஊசி ஏற்றிக்கொள்ளல் வேண்டும்.

அடுத்தது கருத்தடைச் சத்திரசிகிச்சை. பெட்டை நாயின் சூலகத்தையும் கருப்பையையும் அகற்றும் சிகிச்சையைக் கால்நடை வைத்தியரே மயக்கமருந்து கொடுத்துச் செய்வர். புண் ஆறுமட்டும் நாயைத் தனியே வைத்தல் வேண்டும். பெட்டையும் கடுவனும் கலந்து உறையும் வளாகத்தில் இதனைப் பிற்போட்டால், காப்பகமே குட்டி ஈனும் நிலையமாகும். பின்னர் இனம்பிரித்து அடைத்தல். நாய்கள் கூட்டமாக வாழ்பவை எனினும் முன்பின் அறியாதன ஒன்றாயின் சண்டையிடும். அச்சண்டை பெரிதும் உணவு வேளையிலே நிகழும். ஆதலாற் பல தட்டுகளை விலக்கி வைத்துப் பரிமாறுதல் வேண்டும். நாயொன்றுக்கு நாளுக்கு அரைக் கிலோ சமைத்த உணவு எனக் கொண்டாலும், 300 நாய்க்கு 150 கிலோ. வெறுஞ்சோறு போதாது, புரத உணவும் உயிரியல்பால் வேண்டப்படுவது. கொல்லாமையை விரதமாகக் கொண்டோர் ஊனுண்ணும் விலங்கைப் பேணப் புகும்போது எழும் இவ்வினாவுக்கு முட்டை, கருவாடு, கழிவு மீன், பருப்பு எனப் பலரும் பலவாறு விடைகாண்பர். எவ்விடையும் முழுமையானதன்று.

நீர் பற்றியும் கூறவேண்டும். ஆறில்லாத குடாநாடு கிணற்று நீரை நம்பியது. வலிகாமத்தின் சுண்ணக்கற்பாறை வெடிப்புகளினூடு மேலிருந்து செல்வது யாவும் நிலத்தடி நீரைச் சேரும். நூற்றுக்கணக்கான விலங்குகளின் கழிவைக் கழுவும் நீர் அயலாரின் கிணற்றுக்குட் போகாதிருக்க வழிசெய்யாத காப்பகம், உயிர்களுக்கு அன்பு காட்டி அயலாருக்குத் தீங்கு செய்ததாகும். குரைப்பொலியும் துர்நாற்றமும் இதனோடு சேரும். நெருங்கிய குடியிருப்புகளுக்கு இடையே இத்தகைய நிறுவனம் அமைதல் அரிது என்பதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

யாவற்றினும் முதன்மையானது எண்கணிதம். 200 நாய்களுக்கு இடமுள்ள காப்பகம் ஒன்றை எண்ணிக்கொள்க. வந்த நாய் வெளியே செல்லாது அங்கேயே வாழ்ந்து எட்டாண்டில் இறக்குமாயின், அக்காப்பகம் ஆண்டுக்கு 25 நாய்களை மட்டுமே ஏற்கமுடியும். அதே நாய் சிகிச்சையும் ஊசியும் பெற்று இரு மாதத்தில் ஒரு வீட்டுக்கோ தன் தெருவுக்கோ செல்லுமாயின், அதே இடத்தில் ஆண்டுக்கு 1200 நாய்களைப் பேணலாம். இடம் ஒன்றே, வெளிவாயிலின் அகலமே வேறு. கொல்லாக் காப்பகங்கள் நிரம்பி வழிந்து, நோயும் பட்டினியும் புகுந்து, நல்லோர் நடத்திய கொடுமைக்கூடங்களாகிய வரலாறு பல நாடுகளில் உண்டு. அதற்குக் காரணம் இரக்கமின்மையன்று. வாசலில் வந்த எதனையும் மறுக்க இயலாத இரக்கமே. மன்றத்தின் வண்டி ஒருகாலத்தில் வெளிப்படையாகச் செய்ததை நெருக்கம் மறைவாகச் செய்துவிடும்.

வெளிவாயிலை அகலமாக்குதல் குடாநாட்டில் எளிதன்று. நாய் வளர்க்க விரும்புவோர் பலர் அல்சேஷன், பொமரேனியன் முதலிய சாதி நாய்களையே தேடிப் பெரும்பணம் கொடுப்பர். ஊர்நாயோ நோய்க்கு எளிதில் இடங்கொடாதது, வெயிலுக்குப் பழகியது, மிஞ்சிய சோற்றில் வாழ்வது. இருந்தும் அதனை ஏற்பார் குறைவு. நாயிலும் சாதி பார்க்கும் வழக்கம் என்று சொன்னால் அது சிலேடை மட்டுமன்று.

பொருள் பற்றிய வழக்கமும் கவனத்துக்குரியது. இறந்தோரின் நினைவுநாளிலே முதியோர் இல்லத்துக்கும் சிறுவர் இல்லத்துக்கும் ஒருவேளை உணவு வழங்குதல் யாழ்ப்பாணத்தாரிடம், சிறப்பாகப் புலம்பெயர்ந்தோரிடம், நன்கு வேரூன்றியது. சுமைதாங்கி நாட்டிய மரபின் தொடர்ச்சி அது. விலங்குக் காப்பகத்துக்கும் அவ்வழக்கம் நீளக்கூடியதே. ஆனால் சோற்றுக்குக் கொடுக்கும் கை, வைத்தியரின் வேதனத்துக்கும் மயக்கமருந்துக்கும் கூடு கழுவும் தொழிலாளியின் கூலிக்கும் அவ்வளவு எளிதில் நீள்வதில்லை. ஒருவேளைச் சோற்றால் ஒரு நாய் ஒருநாள் வாழும். ஒரு கருத்தடைச் சிகிச்சையால் பிறந்து தெருவில் மடியவிருந்த பல குட்டிகள் பிறவாதிருக்கும். பிறவாத குட்டியின் பெயரால் நினைவுக்கல் நாட்ட எவரும் முன்வாரார். பம்பாய் வணிகரின் மகமை இவ்விடத்திலேதான் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. அது இன்ன செலவுக்கு என்று கேளாது, வணிகம் நடந்த நாளெல்லாம் வந்து சேர்ந்த பணம்.

முடிவு காலத்து வினா ஒன்றும் எஞ்சுகின்றது. விசர் ஏறிய நாயையும், முதுகெலும்பு முறிந்து தெருவில் இழுபடும் நாயையும் என் செய்வது? விசர் உறுதியாயின் அதனைக் காத்தல் பிறரைக் கொல்லுதலாகும், இதில் ஐயமில்லை. மீளா வலியுற்றதைப் பற்றிக் கருத்து ஒன்றுபட்டதன்று. வினையை அதுவே அனுபவித்துத் தீர்க்கட்டும் என்போர் உளர். மருந்தால் அமைதியாக உறங்கச் செய்தலே கருணை என்போரும் உளர். கால்நடை வைத்தியத் துறை பின்னதையே ஏற்கின்றது. இதனை ஒருவர் தனித்துத் தீர்மானிக்காது, வைத்தியரும் பொறுப்பாளரும் கூடி, காரணத்தை ஏட்டிலே எழுதிவைத்துச் செய்யும் காப்பகமே நம்பத்தக்கது. எழுதப்படாத சாவுகள் பெருகும் இடத்தில் எப்பெயர்ப்பலகை தொங்கினாலும் பயனில்லை.

காப்பகம் எவ்வளவு பெரிதாயினும் தெருவிலுள்ள நாய்களுட் சிறுபகுதியையே ஏற்கும். ஏனையவற்றுக்கு உரியது ஊர்தோறும் நடைபெறும் கருத்தடை முகாமும் தடுப்பூசியுமே. முகாமிலே சிகிச்சை பெற்ற நாயின் காதில் அடையாளமாகச் சிறிதளவு வெட்டப்படுகின்றது. மாட்டுக்குச் சுட்ட குறி இன்னாருடையது என்றது; 1901 ஆம் ஆண்டுச் சட்டமும் உடையவனையே தேடியது. இவ்வெட்டு உடையவனைக் காட்டுவதன்று. இந்த நாயைப் பிடித்தவர், அறுத்தவர், ஊசியிட்டவர், மீளக் கொண்டுவந்து விட்டவர் எனச் சிலர் உளர் என்பதை மட்டுமே காட்டுகின்றது. காது வெட்டப்பட்ட பெட்டை தான் பிடிபட்ட அதே ஒழுங்கையில் இறக்கிவிடப்பட்டு, சற்று மணந்து பார்த்து, வேலிப் பொட்டினூடாக உள்ளே செல்கின்றது.